முகத்துக்காகக் கணக்குப் போட்ட லென்ஸ்

இன்ஸ்டாகிராம்ல ஒரு வகை போர்ட்ரெய்ட் கண்டிப்பா பாத்திருப்பீங்க. நடுவுல ஒருத்தர் நிக்கிறாங்க, கண்ணு இமை முடி வரைக்கும் தெளிவா தெரியுது. ஆனா பின்னாடி இருக்கிற மரம், இலை, இலைக்கு நடுவுல வர்ற வெளிச்சப் புள்ளி எல்லாமே அவங்களச் சுத்தி வட்டம் போடுது. பாத்திரத்துல தண்ணி ஊத்திக் கரண்டியால ஒரு சுத்து சுத்திவிட்ட மாதிரி. இது ஃபில்டர் இல்ல, போட்டோஷாப்பும் இல்ல. லென்ஸே அப்படித்தான் வரையுது.

இந்த எஃபெக்டுக்காகவே இன்னைக்கு லென்ஸ் விக்கிறாங்க. ஆட்டோஃபோகஸ் கிடையாது, கேமராவோட பேச எலக்ட்ரானிக் கனெக்‌ஷன் கிடையாது, கையால வளையத்தைத் திருப்பித்தான் ஃபோகஸ் பண்ணணும். விலை மட்டும் ஒரு நல்ல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் வாங்குற அளவுக்கு இருக்கும். விளம்பரத்துல "கேரக்டர்", "மேஜிக்"னு எழுதுறாங்க. மேஜிக்னு எழுதினாலே எனக்குக் கொஞ்சம் அரிக்கும். ஏன்னா இந்தச் சுழல் எங்கிருந்து வந்ததுன்னு துல்லியமா சொல்ல முடியும். 1840, வியன்னா. ஒரு கணக்கு வாத்தியார் பேப்பர்ல போட்ட கணக்கு. அந்தக் கணக்கோட கதைதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல 1839க்குப் போவோம். அந்த ஆகஸ்ட் 19ஆம் தேதி பாரிஸ்ல டகேரோட முறைய உலகத்துக்கு வெளிப்படையா அறிவிக்கிறாங்க. வெள்ளி பூசின செப்புத் தகடு, அயோடின் ஆவி, பாதரச ஆவி. இதுதான் டகேரியோடைப். எல்லாரும் அசந்து போறாங்க. ஆனா ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒரு படம் எடுக்க நல்ல வெயில்லயே பல நிமிஷம் ஆகும். டகேர் 1838ல பாரிஸ் தெரு ஒண்ண எடுத்த படம் ரொம்ப பிரபலம். அது நடமாட்டம் நிறைஞ்ச தெரு, ஆனா படத்துல யாருமே இல்ல. வண்டி, குதிரை, மனுஷங்க எல்லாம் நகர்ந்துக்கிட்டே இருந்ததால தகட்டுல பதியவே இல்ல. தெளிவா தெரியுறது ஒரு ஆள்தான். நின்னு ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தவர். அசையாம நின்னதால பதிஞ்சுட்டாரு.

மக்களுக்குத் தெருப் படம் வேணாம், முகம் வேணும். அம்மா முகம், குழந்தை முகம், செத்துப்போகப் போற தாத்தா முகம். ஓவியருக்குக் காசு குடுக்க முடியாதவங்களுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. ஆனா யாரால பத்து நிமிஷம் வெயில்ல கண்ணு சிமிட்டாம உக்கார முடியும்?

தகட்டோட ரசாயனம் ஒரு காரணம். இன்னொரு காரணம் லென்ஸ். டகேர் கேமராவுல இருந்தது பாரிஸ்ல ஷெவாலியே செஞ்ச லென்ஸ். இன்னைக்குக் கணக்குல சொன்னா எஃப்/14க்கும் எஃப்/16க்கும் நடுவுல. உங்க மிரர்லெஸ்ல அப்பர்ச்சரை 16ல வச்சு வீட்டுக்குள்ள ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, ஐஎஸ்ஓ எங்க போய் நிக்குதுன்னு. டகேருக்கு ஐஎஸ்ஓ ஏத்துற வசதியும் கிடையாது.

அந்த நேரத்துல பாரிஸ்ல இருந்தவர் ஆண்ட்ரேயாஸ் ஃபான் எட்டிங்ஸ்ஹவுசன், வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் ஊருக்குத் திரும்பி தன்னோட சக பேராசிரியர் ஒருத்தர்கிட்ட இந்தப் பிரச்னையச் சொல்றாரு. அந்தச் சக பேராசிரியர்தான் யோசெஃப் பெட்ஸ்வால். 1807ல அன்னைய ஹங்கேரி ராஜ்யத்துல, இன்னைக்கு ஸ்லோவாக்கியாவுல இருக்கிற ஸ்பிஷ்ஸ்கா பெலாங்கிற சின்ன ஊர்ல பிறந்தவர். 1837ல இருந்து வியன்னாவுல கணிதப் பேராசிரியர். போட்டோகிராஃபரும் இல்ல, கண்ணாடி தேய்க்கிறவரும் இல்ல. கறுப்பு அரபுக் குதிரையில ஏறி வகுப்பு எடுக்க வருவாருன்னு ஒரு கதை உண்டு. நம்ம காலேஜ்ல மேத்ஸ் சார் ஸ்கூட்டர்லதான் வந்தாரு.

அதுவரைக்கும் லென்ஸ் எப்படிச் செஞ்சாங்கன்னா, பெரும்பாலும் அனுபவத்துல. வளைவை மாத்தித் தேய்ச்சுப் பாரு, சரியா வரலைன்னா திரும்பத் தேயி. பெட்ஸ்வால் தலைகீழா யோசிச்சாரு. கண்ணாடியைத் தொடுறதுக்கு முன்னாடியே பேப்பர்ல முழு லென்ஸையும் கணக்குப் போட்டு முடிச்சுடலாம்னு. ஒளிக்கதிர் ஒண்ணு முதல் கண்ணாடியில படுது, வளையுது, அடுத்த பரப்புக்குப் போகுது, அங்கயும் வளையுது. அவர் மனசுல இருந்த லென்ஸுல நாலு கண்ணாடி. முன்னாடி ரெண்டு ஒண்ணா ஒட்டினது, பின்னாடி ரெண்டு நடுவுல இடைவெளி விட்டது. ஆக மொத்தம் ஏழு பரப்பு. ஒவ்வொரு கதிருக்கும், ஒவ்வொரு பரப்புலயும், சைன் கணக்கு, லாகரிதம் அட்டவணை, கூட்டல், கழித்தல். ஒரு கதிர் முடிஞ்சா அடுத்த கதிர். வடிவத்துல ஒரு வளைவை லேசா மாத்தினா எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து. நாம இன்னைக்கு லூப்புல போட்டுட்டு டீ குடிக்கப் போற வேலை இது. அவருக்கு லூப்பு கிடையாது.

அதுக்குப் பதிலா ராணுவம் கிடைச்சது. ஆஸ்திரியாவோட பீரங்கிப் படைக்குத் தலைவரா இருந்தவர் இளவரசர் லுட்விக். பீரங்கிக் குண்டு எங்க விழும்னு கணிக்கிறதுக்கு லாகரிதம் அட்டவணை தெரிஞ்ச ஆட்கள் அந்தப் படையில இருந்தாங்க. அவங்கள்ல சிலரைப் பெட்ஸ்வாலுக்கு உதவியா அனுப்பி வச்சாரு. 8 பீரங்கி வீரர்கள், 3 கார்ப்போரல்னு வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லுது. பதினோரு மனுஷ ப்ராசஸர். குண்டு விழுற பாதையைக் கணக்குப் போட்டவங்க ஒளி விழுற பாதையைக் கணக்குப் போட்டாங்க. லென்ஸுக்குப் பெட்ஸ்வால் பேரு நின்னது. இந்தப் பதினோரு பேரைப் பத்திப் பெருசா பேச்சு இல்ல.

1840ல அந்தக் கணக்கு முடிஞ்சு, வியன்னாவுல கண்ணாடிக் கருவிகள் செஞ்சுக்கிட்டிருந்த ஃபொய்க்ட்லேண்டர் பட்டறையில லென்ஸா உருவாகுது. எஃப்/3.6. ஷெவாலியே லென்ஸோட ஒப்பிட்டா 15 மடங்குக்குக் குறையாத வெளிச்சம். அடுத்த வருஷமே, 1841ல, ஃபொய்க்ட்லேண்டர் இதுக்குன்னே ஒரு பித்தளைக் கேமரா கொண்டுவர்றாரு. வட்டத் தகடு, கூம்பு வடிவம். பாத்தா சின்ன பீரங்கி மாதிரியே இருக்கும்! அதே சமயத்துல ரசாயனத்துலயும் முன்னேற்றம் வர, நிமிஷக் கணக்குல இருந்த எக்ஸ்போஷர் நொடிக் கணக்குக்கு இறங்குது. ஊருக்கு ஊர் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ முளைக்குது.

சரி, சுழல் எங்க வந்தது?

எந்த லென்ஸுக்கும் எல்லாத்தையும் குடுக்க முடியாது. வெளிச்சமும் வேணும், படத்தோட மூலை வரைக்கும் கூர்மையும் வேணும், நாலே கண்ணாடியும் போதும்னா நடக்காது. பெட்ஸ்வால் முன்னாடி இருந்த தேவை ஒண்ணே ஒண்ணு. முகம். முகம் படத்துக்கு நடுவுலதான் இருக்கும். அதனால நடுவுல கூர்மை, நிறைய வெளிச்சம், இது ரெண்டுக்கும் எல்லாத்தையும் செலவு பண்ணாரு. ஓரத்தை விட்டுட்டாரு.

தெரியாம விட்டாரா? இல்ல. அவரோட லென்ஸ்ல ஃபோகஸ் ஆகிற பரப்பு தட்டையா இருக்காது, கிண்ணம் மாதிரி வளைஞ்சிருக்கும். இந்த வளைவு எவ்வளவுங்கிறதையும், அது தட்டையாகணும்னா கண்ணாடிகள் எந்த நிபந்தனைக்கு உட்படணுங்கிறதையும் 1843ல எழுதி வெளியிட்டவரே அவர்தான். இன்னைக்கும் ஆப்டிக்ஸ் படிக்கிற எல்லாரும் அந்த ஃபார்முலாவை "பெட்ஸ்வால் சம்"னுதான் படிக்கிறாங்க. இன்னொரு சாட்சியும் இருக்கு. அதே காலத்துல அவர் ரெண்டாவது லென்ஸுக்கும் கணக்குப் போட்டு வச்சிருந்தாரு. அது இயற்கைக் காட்சிக்கு. வெளிச்சம் கம்மி, ஆனா ஓரம் வரைக்கும் ஒழுங்கா வரும். அது 1850களோட கடைசியிலதான் ஆர்த்தோஸ்கோப்ங்கிற பேர்ல சந்தைக்கு வந்தது. அதாவது மூலையைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆளு, முகத்துக்கான லென்ஸ்ல மூலையைச் சரி பண்ணல. வேணும்னே எடுத்த முடிவு.

அந்த முடிவோட விலைதான் நாம இன்னைக்குப் பாக்கிற சுழல். இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு, இப்போ சொன்ன வளைவும் அதோட கூடவே வர்ற அஸ்டிக்மாட்டிசமும். இன்னொண்ணை வீட்டுலயே செஞ்சு பாக்கலாம். ஒரே அளவுல ரெண்டு வளையல் எடுங்க. ஒரு சாண் இடைவெளியில ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடி நேரா பாருங்க. முழு வட்டம் தெரியும். இப்போ தலையை ஒரு பக்கமா நகர்த்துங்க. ரெண்டு வட்டமும் விலகி, நடுவுல வெளிச்சம் வர்ற வழி மீன் மாதிரி, கண்ணு மாதிரி ஒடுங்கும். லென்ஸோட முன் விளிம்பும் பின் விளிம்பும் அந்த ரெண்டு வளையல். படத்தோட நடுவுல ஃபோகஸ் இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி முழு வட்டமா விழும். ஓரத்துல அதே புள்ளி ஒடுங்கின கண்ணு மாதிரி விழும். அந்தக் கண்ணுங்க எல்லாம் படத்தோட நடுவைச் சுத்தி, தேர் வடம் பிடிச்ச கூட்டம் மாதிரி, ஒரே திசையில வரிசையா நிக்கும். நம்ம மூளை அதைச் சுழற்சின்னு படிக்குது.

பழைய ஸ்டூடியோப் படங்கள்ல இந்தச் சுழலை நீங்க அதிகமா பாத்திருக்க மாட்டீங்க. காரணம் ரொம்ப சாதாரணம். ஸ்டூடியோக்காரங்க பின்னாடி வெறும் துணித்திரை கட்டினாங்க. இலையும் இல்ல, வெளிச்சப் புள்ளியும் இல்ல. சுழல்றதுக்கு ஒண்ணுமே இல்லாத இடத்துல சுழல் எங்க தெரியும்? குறை இருக்கிற இடத்துல திரை போட்டாங்க, அவ்வளவுதான்.

இப்போ காசு விஷயத்துக்கு வருவோம். பெட்ஸ்வாலுக்கு ஃபொய்க்ட்லேண்டர் குடுத்தது ஒரே தடவையா 2,000 குல்டன். ராயல்டி கிடையாது. லென்ஸ் ஆயிரக்கணக்குல வித்தது. பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கான்னு ஆளாளுக்குக் காப்பி அடிச்சாங்க. ரெண்டு பேருக்கும் சண்டை முத்தி, 1849ல ஃபொய்க்ட்லேண்டர் ஜெர்மனியில பிரவுன்ஷ்வைக்ல தொழிற்சாலை தொடங்குறாரு. பெட்ஸ்வால் கார்ல் டீட்ஸ்லர்னு இன்னொரு லென்ஸ் செய்யறவரோட சேர்ந்தாரு. அதுவும் ஃபொய்க்ட்லேண்டரோட போட்டியில நிக்க முடியாம போச்சு. 1859ல பெட்ஸ்வால் வீட்டுக்குள்ள யாரோ புகுந்து அவரோட கையெழுத்துப் பிரதிகளை நாசம் பண்ணிட்டாங்கன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. பல வருஷமா எழுதிக்கிட்டிருந்த ஆப்டிக்ஸ் ஆராய்ச்சி அதோட போச்சு. அதுக்கப்புறம் அவர் லென்ஸ் பக்கம் பெருசா வரல. 1891ல வியன்னாவுல இறந்தாரு. நிலாவோட மறுபக்கத்துல ஒரு பள்ளத்துக்கு அவர் பேரு வச்சிருக்காங்க. பிறந்த வீடு இப்போ போட்டோகிராஃபி மியூசியம். உயிரோட இருந்தப்போ அந்த லென்ஸால கிடைச்சது அந்த 2,000தான்.

வேலை நேரத்துல எழுதின கோட் கம்பெனிக்குச் சொந்தம்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போட்ட நமக்கு இது புதுசா என்ன?

இந்தக் குறையை முதல்ல வேணும்னே பயன்படுத்தினது யாருன்னு கேட்டா, என் ஓட்டு ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு. 1815ல கல்கத்தாவுல பிறந்த இங்கிலாந்துப் பெண்மணி. 48 வயசுல, 1863 கடைசியில, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாக் குடுக்கிறாங்க. அதுல இருந்தது பிரான்ஸ்ல ஜாமின் செஞ்ச லென்ஸ், பெட்ஸ்வால் வகைதான். அதை வச்சுக்கிட்டு அவங்க முகத்துக்குப் பக்கத்துல போனாங்க. அவ்வளவு பெரிய லென்ஸை அவ்வளவு பக்கத்துல திறந்து வச்சா கண்ணு மட்டும் ஃபோகஸ்ல இருக்கும், காது கரைஞ்சு போகும். அன்னைய விமர்சகர்கள் "இந்தம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியல"ங்கிற ரீதியில எழுதினாங்க. அவங்க மாத்திக்கல. கண்ணாடித் திரையில உருவத்தைப் பாத்துக்கிட்டே வருவாங்க, தனக்கு அழகாத் தெரியுற இடத்துல நிறுத்திடுவாங்க. மத்தவங்க மாதிரி இன்னும் கூர்மையாகட்டும்னு திருப்பிக்கிட்டே இருக்கல.

நமக்குப் பக்கத்துல வர்ற ஒரு தகவல்: கேமரன் குடும்பத்துக்கு இலங்கையில காபித் தோட்டங்கள் இருந்தது. 1875ல அங்கேயே குடிபோயிட்டாங்க. அங்க அவங்க எடுத்த படங்கள்ல ஊர் ஜனங்களும் தோட்டத்துல வேலை பாத்தவங்களும் இருக்காங்க. அந்தக் காலத்துல இலங்கைக் காபித் தோட்டங்கள்ல கூலி வேலைக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து கப்பலேறினவங்க. டென்னிசனையும் ஹெர்ஷலையும் எடுத்தப்போ படத்துக்குக் கீழ பேரு இருந்தது. இவங்களை எடுத்தப்போ பெரும்பாலும் பேரு இல்ல. கேமரன் 1879ல இறந்தாங்க, பொகவந்தலாவையில சர்ச் கல்லறையில இருக்காங்க.

கேமரன் கேமராவைத் தொட்ட ரெண்டே வருஷத்துல சந்தையும் விழிச்சுக்கிச்சு. 1866ல லண்டன்ல டால்மேயர் ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸ் கொண்டுவர்றாரு. பெட்ஸ்வால் வடிவத்துல சின்ன மாற்றம். பின்னாடி இருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் திருகிக் கழட்டினா படம் மென்மையாகும், எவ்வளவு வேணுமோ அவ்வளவு. அதாவது குறைக்கு ஒரு திருகாணி. "கிரியேட்டிவ் எஃபெக்ட் லென்ஸ்"ங்கிற வகையே இங்கதான் பிறக்குதுன்னு நான் சொல்லுவேன்.

அதுக்கப்புறம் நீண்ட காலம் லென்ஸ் செய்யறவங்க எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடினாங்க. மூலை வரைக்கும் கூர்மை, தட்டையான பரப்பு. பெட்ஸ்வால் வடிவம் ஸ்டூடியோவை விட்டுட்டு ப்ரொஜெக்டருக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. சினிமா தியேட்டருக்கு வேண்டியது குறுகின கோணம், நிறைய வெளிச்சம். அதுக்கு இது கச்சிதமாப் பொருந்தினது.

நடுவுல இன்னொரு குடும்பத்துல இருந்தும் சுழல் வந்தது. ஜெர்மனியில யேனா நகரத்துல ஜைஸ் கம்பெனியோட வில்லி மெர்டே வடிவமைச்ச பயோடார் 58 மி.மீ. எஃப்/2, 1936ல வந்தது. வடிவம் வேற, ஆனா ஓரத்துல அதே வளையல் விளையாட்டு. உலகப் போர் முடிஞ்சதும் யேனா சோவியத் கைக்குப் போச்சு. இழப்பீடுங்கிற பேர்ல தொழிற்சாலை இயந்திரங்களைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க, நிபுணர்களையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. மாஸ்கோ பக்கத்துல கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில பயோடார் வழியா பிறந்ததுதான் ஹீலியோஸ் 44. ஜெனிட் கேமராவோட இலவச இணைப்பு மாதிரி லட்சக்கணக்குல, அதுக்கும் மேல, வெளிய வந்தது. அந்தக் காலத்துல அதை யாரும் கலைப் பொருளா பாக்கல. கேமராவோட வர்ற சாதாரண லென்ஸ். 2024ல வந்த டூன் இரண்டாம் பாகத்துல ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் இந்த மாதிரி பழைய சோவியத் லென்ஸ்களை சினிமாவுக்கு ஏத்த புதுக் கூட்டுக்குள்ள போட்டுப் பயன்படுத்தினாரு.

இது எல்லாம் திரும்ப நம்ம கைக்கு வந்ததுக்குக் காரணம் மிரர்லெஸ். இதுல ஒரு எளிமையான அளவு இருக்கு. லென்ஸ் பொருந்துற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கிற தூரம். ஹீலியோஸோட எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 46.5. அதாவது லென்ஸ் ஏற்கெனவே ஒரு மி.மீ. தூரமாப் போயிடுது, நடுவுல கண்ணாடி வைக்காம தொலைதூர ஃபோகஸ் வராது. மிரர்லெஸ்ல மேல கீழ ஆடுற கண்ணாடி கிடையாதுங்கிறதால சோனி இ மவுண்டுக்கு 18தான், நிக்கான் இசட்டுக்கு 16. மிச்சம் இருக்கிற 27 மி.மீ. சொச்சத்துக்கு ஒரு வெத்து உலோக வளையம் போதும். அதுதான் அடாப்டர். உள்ள எதுவுமே இல்ல, காத்துதான்.

2008ல பானசோனிக் ஜி1 வந்தப்போ இது தொடங்கினது. 2013ல சோனி ஏ7 ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட வந்ததும் ஆட்டம் மாறிடுச்சு. சின்ன சென்சார் படத்தோட ஓரத்தை வெட்டிடும். சுழல் இருக்கிறதே ஓரத்துலதான். அதே 2013ல லோமோகிராஃபி கம்பெனி கிக்ஸ்டார்ட்டர்ல 10 லட்சம் டாலருக்கு மேல திரட்டி, பெட்ஸ்வால் 85 மி.மீ. எஃப்/2.2 லென்ஸைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. பித்தளை உடம்பு, தகடு சொருகி மாத்துற அப்பர்ச்சர். செஞ்ச இடம்? அதே கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை. அடுத்து வந்த 58 மி.மீ. மாடல்ல சுழல் எவ்வளவு வேணும்னு திருப்பி வைக்க ஒரு வளையமே இருக்கு. டால்மேயர் திருகாணி, ஒன்றரை நூற்றாண்டு கழிச்சு.

இந்த அலையில எல்லாரும் கரையேறல. பழைய மேயர் கோர்லிட்ஸ் லென்ஸ்களைத் திரும்பக் கொண்டுவர்றோம்னு கிக்ஸ்டார்ட்டர்ல பணம் வாங்கின ஜெர்மன் கம்பெனி 2018ல திவாலாச்சு. பிராண்டை வாங்கின புது முதலாளி பழைய கிக்ஸ்டார்ட்டர் ஆர்டர்களுக்குப் பொறுப்பு ஏத்துக்கல. முன்கூட்டியே பணம் கட்டினவங்கள்ல பலருக்கு லென்ஸும் இல்ல, பணமும் இல்ல.

மிரர்லெஸ்னால வந்த இன்னொரு மாற்றத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல நீங்க பாத்தது வேற ஒரு கண்ணாடித் திரையில விழுந்த உருவம். எஃப்/2ல எவ்வளவு மங்கல் இருக்குங்கிறதை அந்தத் திரை முழுசாக் காட்டாது. மிரர்லெஸ்ல சென்சார் பாக்கிறதையே நீங்க பாக்கறீங்க. பெட்ஸ்வால் காலத்துல கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு, தகடு வைக்கப் போற அதே இடத்துல இருந்த கண்ணாடியில உருவத்தைப் பாத்தாங்களே, அதே மாதிரி. படம் தலைகீழா தெரியாதுங்கிறது மட்டும்தான் நமக்குக் கூடுதல் வசதி. கேமரன் அழகாத் தெரிஞ்ச இடத்துல நிறுத்தினாங்கன்னு சொன்னேன்ல, அந்த மாதிரி வேலை டிஎஸ்எல்ஆர்ல கஷ்டம். இதுல முடியும்.

இப்போ கையில லென்ஸ் இருக்கிறவங்களுக்கு. முதல் தடவை மாட்டினதும் ஷட்டர் வேலை செய்யாம போகலாம். லென்ஸ் இல்லைன்னு கேமரா நினைச்சுக்கும். மெனுவுல லென்ஸ் இல்லாம ஷட்டர் விடுற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. பாடியில ஸ்டெபிலைசேஷன் இருந்தா 58, 85ன்னு ஃபோகல் லெங்த்தைக் கையால போடுங்க, இல்லைன்னா அது தப்புத் தப்பா ஆட்டும்.

ஃபோகஸ் பீக்கிங்னு சிவப்புக் கோடு போட்டுக் காட்டுமே, அதை முழுசா நம்பாதீங்க. அது ஒண்ணும் தூரத்தை அளக்கல. பக்கத்துப் பக்கத்து பிக்சலுக்கு நடுவுல வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினா சிவப்பு அடிக்குது, அவ்வளவுதான். பழைய லென்ஸை முழுசாத் திறந்தா கான்ட்ராஸ்ட் கம்மி. அதனால மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒண்ணா சிவப்பு அடிச்சுடும். 58 மி.மீ. லென்ஸ், எஃப்/2, ஆள் ஒன்றரை மீட்டர் தூரம்னா ஃபோகஸ்ல இருக்கிற ஆழம் மொத்தமே சுமார் 8 செ.மீ. பீக்கிங்கால கிட்டத்தட்ட இடத்தைப் பிடிங்க. அப்புறம் ஜூம் பட்டனை அமுக்கிக் கண்ணைப் பெருசாக்கி முடிவு பண்ணுங்க. நடுவுல ஃபோகஸ் பண்ணிட்டு கேமராவை நகர்த்துற பழக்கம் இருந்தா, இந்த லென்ஸ்ல விட்டுடுங்க. ஃபோகஸ் பரப்பு கிண்ணம்னு சொன்னேன். நகர்த்தினதும் முகம் கிண்ணத்தை விட்டு வெளிய போயிடும். கண்ணு எங்க வரப்போகுதோ அங்கேயே வச்சு ஃபோகஸ் பண்ணுங்க.

சுழல் வேணும்னா வெறும் சுவரு முன்னாடி நிக்க வச்சுப் பிரயோஜனம் இல்ல. சின்னச் சின்ன இலை, நடுநடுவுல வானம் எட்டிப் பாக்கணும். வேப்பமரம் அருமையா வேலை செய்யும். ஆள் ரெண்டு மீட்டர்ல, மரம் அவங்களுக்குப் பின்னாடி நாலஞ்சு மீட்டர்ல. முழுசாத் திற. முகம் நடுவுல.

என் ரசனையைக் கேட்டா, சுழலை முழுசாத் திருகி வச்சு எடுக்கிற படங்கள்ல பாதி எனக்குப் பிடிக்கிறதில்ல. பாக்கிறவங்க கண்ணு இலையோட சுத்திக்கிட்டே இருக்கு, ஆளை மறந்துடுது. அந்த வியன்னா மனுஷன் மூலையைக் கைவிட்டது முகத்துக்காக. அந்த லென்ஸை வாங்கிட்டு முகத்தை விட்டுட்டு மூலையைப் பாக்க வைக்கிறது எனக்கு ஏதோ உறுத்துது. இதுல நீங்க சண்டை போடலாம், போடுங்க.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. புது பெட்ஸ்வாலுக்கு முன்னாடி ஒரு பழைய ஹீலியோஸ் 44-2ஐயும் எம்42 அடாப்டரையும் வச்சுப் பாருங்க. ரெண்டும் சேர்ந்தாலும் புதுசோட விலையில சின்னப் பங்குதான். வாங்கும்போது லென்ஸை டார்ச் வெளிச்சத்துல பிடிச்சு உள்ள பூஞ்சை இருக்கான்னு பாருங்க, ஃபோகஸ் வளையம் இறுகிப் போயிருக்கான்னு திருப்பிப் பாருங்க. அப்பர்ச்சர் வளையம் ரெண்டு இருக்கும், ஒண்ணு எதுவரைக்கும் மூடலாம்னு முன்கூட்டியே வைக்க, இன்னொண்ணு திறந்து மூட. கடைக்காரர் கெட்டுப்போச்சுன்னு சொல்லி விலை குறைச்சாருன்னா சந்தோஷமா வாங்கிக்குங்க, அது அப்படித்தான் சுத்தும்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.